மைக்செட்டுக்குள்ள ஒரு கிட்டார் ஆம்ப்

முதல்ல ஒரு சின்ன கேள்வி. 'வால்வு'ன்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? மெக்கானிக்கல் பசங்க இன்ஜின் வால்வுன்னு சொல்வீங்க. சிவில்காரங்களுக்குத் தண்ணி டேங்க் கேட் வால்வு. எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிக்கல் படிக்கிற நமக்குத்தான் எதுவும் ஞாபகம் வராது. ஏன்னா நம்ம புக் ஆரம்பிக்கிறதே டயோடுலயும் டிரான்சிஸ்டர்லயும்தான். 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் ஆடியான்னு ஒரு கண்ணாடிக் குழாயைச் செஞ்சதிலிருந்து 1947-ல் டிரான்சிஸ்டர் பிறக்கிற வரைக்கும், ரேடியோ, பேசும்படம், தூர டெலிபோன் எல்லாத்தையும் தூக்கி நிறுத்தினது அந்தக் குழாய்தான். சிலபஸ்ல அதுக்கு ஒரு பாரா கூட இல்லை.

ஆனா அது இன்னும் சாகல. ஒரு கூட்டம் அதை விடாமப் பிடிச்சு வச்சிருக்கு. எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவங்க. ஃபெண்டர், மார்ஷல், வாக்ஸ்னு பெரிய பேர் எல்லாம் இன்னைக்கும் வால்வு ஆம்ப் செஞ்சு விக்கிறாங்க. ஆசையா ஆன்லைன்ல தேடினா, விலையைப் பார்த்ததும் நாமளே அந்தப் பக்கத்தை மூடிடுவோம். நான் சொல்ல வந்தது இதுதான்: அந்த ஆம்புக்குள்ள இருக்கிற சாமான்ல முக்கால்வாசி நம்ம பக்கத்துலயே கிடக்கு. அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கம் ஊர்கள்ல ஏதோ ஒரு வீட்டு அட்டாலி மேல தூசி படிஞ்சு உட்கார்ந்திருக்கு. அதுக்குப் பேர் மைக்செட்.

இந்தத் தலைமுறைக்கு மைக்செட்னா என்னன்னு கொஞ்சம் சொல்லணும். நோம்பி, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எதுவா இருந்தாலும் விடியறதுக்கு முன்னாடி ஒரு சைக்கிள்ல பெட்டி வந்து இறங்கும். வேப்பமரத்து உச்சியில ஒரு கூம்பு ஸ்பீக்கரைக் கட்டுவாங்க. கீழ ஒரு பெஞ்சு மேல ரெக்கார்டு பிளேயர், மைக், ஆம்ப்ளிஃபயர். 1960-கள், 70-கள்ல அந்த ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலும் வால்வு செட்தான். 1940-ல் தொடங்கின அகுஜா மாதிரி கம்பெனி செட்டும் இருந்துச்சு. சர்க்யூட் படத்தைப் பார்த்து உள்ளூர் ரேடியோ ரிப்பேர்காரர் கையால கட்டின செட்டும் இருந்துச்சு. வால்வுக்கு வெளிநாட்டையே நம்பி இருக்க வேண்டியதும் இல்லை. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-லேயே ரிசீவிங் வால்வு செய்ய ஆரம்பிச்சிடுச்சு. பழைய செட்டைத் திறந்தா, அழிஞ்சும் அழியாமலும் 'பெல்'னு அச்சடிச்ச வால்வு இன்னைக்கும் கண்ணுல படும்.

அந்த செட்ல ஒரு அழகான இன்ஜினியரிங் இருக்கு, கவனிங்க. ஸ்பீக்கர் மரத்து மேல, ஆம்ப் பந்தலுக்குள்ள. நடுவுல இருநூறு முந்நூறு மீட்டர் ஒயர். 50 வாட்டை 8 ஓம் ஸ்பீக்கருக்கு அனுப்பினா 20 வோல்ட், 2.5 ஆம்பியர். அவ்வளவு நீள மெல்லிசு ஒயர்ல பாதி பவர் சூடாவே போயிடும். அதனால அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்ல 100 வோல்ட்டுக்குன்னு தனியா ஒரு டேப் எடுப்பாங்க. அதே 50 வாட், 100 வோல்ட், அரை ஆம்பியர். ஸ்பீக்கர் பக்கத்துல ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வச்சு மறுபடி இறக்கிக்குவாங்க. இ.பி. டவர் லைன்ல நடக்கிற அதே விஷயம், வேப்பமரத்துக்கு. பவர் சிஸ்டம்ஸ் பேப்பர்ல இதை உதாரணமா எழுதினா மார்க் போடுவாங்களான்னு தெரியல, போடணும்.

எங்க மாமா (அம்மாவோட தம்பி) வச்சிருந்தது இப்படி ஒரு செட். ரெண்டு இஎல்34 பவர் வால்வு, முன்னாடி மூணு இசிசி83, சுமார் 50 வாட். அவர் அதை செகண்ட் ஹேண்டா வாங்கி இருபது வருஷத்துக்கு மேல ஓட்டினவர். அப்புறம் பாக்ஸ் ஸ்பீக்கரும் டிரான்சிஸ்டர் ஆம்பும் வந்துச்சு. 2000-ல் ஒலி மாசு விதிகள் வந்து, ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் வாயை மூடச் சொன்னாங்க. காது படைச்ச மனுஷனா அந்த விதியில எனக்குக் குறை ஒண்ணும் இல்லை; ஆனா விடிய விடியப் பாட்டுப் போட்டுச் சம்பாதிச்ச தொழில் அதோட முடிஞ்சு போச்சு. கடைசியா ஒரு நோம்பியில யாரோ ஸ்பீக்கர் ஒயர்ல கால் மாட்டி அறுத்துட்டாங்க. பாட்டு ஓடிட்டே இருந்ததுல அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போச்சு. மாமா செட்டைத் துணி சுத்தி அட்டாலியில ஏத்திட்டு, ஒரு நிட்டிங் கம்பெனிக்கு எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போயிட்டார்.

இந்த மாதிரி செட் எல்லாம் இப்ப எங்க போகுதுன்னு தெரியுமா? பழைய இரும்புக் கடைக்கு. டிரான்ஸ்ஃபார்மரை உடைச்சு, உள்ள இருக்கிற செம்பைத் தனியா எடை போட்டு வாங்கிக்கிறாங்க. கிட்டார் ஆம்ப்ல ரொம்ப விலை கூடின, கிடைக்கிறதுக்குக் கஷ்டமான சாமானே அந்த டிரான்ஸ்ஃபார்மர்தான். அது இங்க கிலோ கணக்குல போகுது. மாமாவும் போன ஆடியில அட்டாலியைக் காலி பண்ணும்போது கடைக்காரரைக் கூப்பிட இருந்தார். நம்ம காலேஜ் பேண்ட்ல கிட்டார் வாசிக்கிற என் ரூம்மேட் அன்னைக்கு எதேச்சையா எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். "டேய், இதுல ரெண்டு இஎல்34 இருக்குடா"ன்னு அவன் கத்தின கத்துல அம்மா சமையல்கட்டுலேர்ந்து ஓடி வந்துட்டாங்க.

ஏன் அவ்வளவு கத்தினான்? அதுக்கு லண்டன் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரணும்.

லண்டன் மேற்குப் பக்கம் ஹேன்வெல்ங்கிற இடத்துல ஜிம் மார்ஷல்னு ஒருத்தர் டிரம்ஸ் கடை வச்சிருந்தார். கடைக்கு வர்ற கிட்டார் பசங்க, அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப் மாதிரி வேணும், ஆனா இன்னும் சத்தமா, முரட்டுத்தனமா வேணும்னு நச்சரிச்சாங்க. 1962-ல் அவர்கிட்ட வேலை பார்த்த கென் பிரானும் டட்லி கிரேவனும் ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்போட சர்க்யூட்டை எடுத்து, ஏறக்குறைய அப்படியே கட்டினாங்க. சர்க்யூட்தான் அமெரிக்கா; சாமான் எல்லாம் லண்டன்ல கிடைச்சது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ளூர் சப்ளையர்கிட்ட வாங்கினது, சேசிஸ் அலுமினியம், ஸ்பீக்கர் 10 இஞ்ச்சுக்குப் பதிலா செலஸ்டியன் 12 இஞ்ச். பவர் வால்வும் கொஞ்ச நாள்ல பிரிட்டிஷ் கேடி66-க்கு மாறி, 60-களோட நடுவுல இஎல்34-க்கு வந்துச்சு. ஒரே படம், வேற ஊர்ச் சாமான், வேற குரல். ராக் மியூசிக்கோட சத்தம்னு உலகம் இன்னைக்கு நினைக்கிறதுல பெரிய பங்கு அந்த 'கிடைச்சதைப் போட்டுக் கட்டு' வேலையில பிறந்தது. இதுல வேடிக்கை, பேஸ்மேன் முதல்ல பேஸ் கிட்டாருக்குன்னு செஞ்ச ஆம்ப்.

இப்ப மாமாவோட செட்டைப் பாருங்க. இசிசி83, ஃபேஸ் ஸ்ப்ளிட்டர், புஷ்புல்ல ரெண்டு இஎல்34, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், அங்கிருந்து பின்னால வர்ற ஃபீட்பேக். மார்ஷலுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பிதான்.

வேலையைச் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு. இந்தப் பெட்டிக்குள்ள 430 வோல்ட் டிசி இருக்கு. ஸ்விட்சை ஆஃப் பண்ணி பிளக்கைப் பிடுங்கினாலும் ஃபில்டர் கெப்பாசிட்டர்ல அது உட்கார்ந்தே இருக்கும். மாமா எங்களுக்குப் போட்ட சட்டம்: தனியா இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது, திறந்ததும் 10 கே, 10 வாட் ரெசிஸ்டர் வச்சு கெப்பாசிட்டரை இறக்கி, மீட்டர்ல சைபர் பார்த்த பிறகுதான் கை வைக்கணும், ஆன்ல இருக்கும்போது அளக்கணும்னா ஒரு கை பேண்ட் பாக்கெட்ல. பல வருஷம் தூங்கின செட்டை நேரா மெயின்ஸ்ல சொருகவும் கூடாது. ஒரு 60 வாட் குண்டு பல்பை சீரிஸ்ல போடணும். உள்ள ஷார்ட் இருந்தா பல்பு முழுசா எரியும், செட் தப்பிச்சுக்கும். யூடியூப்ல இதுக்கு இருபது நிமிஷம் வீடியோ போடுவாங்க; மாமா பல்பைக் கையில குடுத்துட்டுப் போயிட்டார்.

முதல் வேலை டிரான்ஸ்ஃபார்மர். மோட்டார் ரீவைண்டிங் கடை இல்லாத தெரு நம்ம பக்கம் கம்மி. கம்ப்ரசர் மோட்டாரும் தறி மோட்டாரும் எரிஞ்சுட்டே இருக்கிற ஊர் இது. எங்க தெரு ரீவைண்டிங் அண்ணன் முதல்ல "ஆடியோ எல்லாம் நமக்குத் தெரியாதுங்க"ன்னார். அப்புறம் ஆர்வம் தாங்காம வாங்கி, ஸ்டாம்பிங்கை ஒவ்வொண்ணா உருவி, சுத்தைப் பிரிச்சுப் பிரிச்சு நோட்டுல எண்ணி எழுத ஆரம்பிச்சார். பாதியில கூப்பிட்டார். "தம்பி, இது என்ன கணக்கு? கொஞ்சம் பிரைமரி, அது மேல செகண்டரி, மறுபடி பிரைமரின்னு மாத்தி மாத்திச் சுத்தியிருக்கான். ஒரே மூச்சுல சுத்தினா வேலை சுளுவு இல்ல?"

அந்த மாத்தி மாத்திச் சுத்தினதுலதான் குரலே இருக்கு. பிரைமரியும் செகண்டரியும் தள்ளித் தள்ளி இருந்தா, ஒண்ணோட காந்தப் புலம் முழுசா இன்னொண்ணைச் சேராது. அந்த லீக்கேஜ், மேல் சுரத்தைத் தின்னுடும். சாப்பாட்டுல குழம்பும் சோறும் பிசைஞ்ச மாதிரி ரெண்டையும் அடுக்கடுக்காக் கலந்தா லீக்கேஜ் குறையும். ரேஷியோ எங்க டிரான்ஸ்ஃபார்மர்ல 8 ஓம் டேப்புக்கு ஏறக்குறைய 20-க்கு 1. இருபதோட ஸ்கொயர் 400, அதை எட்டால பெருக்குங்க: 3,200 ஓம். அந்த ரெண்டு வால்வும் பார்க்கிற லோடு அதுதான். 8 ஓம் ஸ்பீக்கரைக் கழட்டி 16 ஓம் ஸ்பீக்கரை அதே டேப்ல மாட்டினா, வால்வுக்கு அது 6,400 ஓமாத் தெரியும். ஸ்பீக்கரே மாட்டலைன்னா லோடே இல்லை, பிரைமரியில வோல்டேஜ் ஆயிரக்கணக்குல எகிறி இன்சுலேஷன் கிழியும். நோம்பியில நடந்தது அதுதான். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு அவுட்புட் ஷார்ட் ஆனா ஆபத்து, வால்வு ஆம்புக்கு ஓப்பன் ஆனா ஆபத்து. இது ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

அண்ணன் பழைய கணக்கு மாறாம, அடுக்குக்கு நடுவுல நல்ல பேப்பர் வச்சு, வார்னிஷ்ல முக்கிக் காய வச்சுக் குடுத்தார். ஸ்டாம்பிங் அடுக்கும்போது ஈ, ஐ துண்டுகளை ஒண்ணு விட்டு ஒண்ணு எதிர்ப்பக்கமாச் சொருகணும், இடைவெளி வரக் கூடாது. புஷ்புல் டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்படித்தான். அதை யாரும் அவருக்குச் சொல்லவே இல்லை. பிரிக்கும்போது எப்படி இருந்துச்சோ அப்படி அடுக்கிட்டார்.

கெப்பாசிட்டர் எல்லாம் புதுசு போட்டோம். துரு பிடிச்ச சேசிஸுக்குப் பதிலா அனுப்பர்பாளையத்துல ஒரு பாத்திரப் பட்டறையில அலுமினியத் தகட்டை வளைச்சுக் குடுத்தாங்க. அண்டா குண்டான் தட்டுற கைக்கு அது பத்து நிமிஷ வேலை.

இனிதான் நிஜமான விஷயம். சனிக்கிழமை சாயந்திரம். திருப்பூர்ல சனிக்கிழமைன்னா வாரச் சம்பளம், எல்லார் மூஞ்சியிலயும் கொஞ்சம் சிரிப்பு இருக்கும். மாமா டீயோட வந்து உட்கார்ந்தார். ரூம்மேட் கிட்டாரை மாட்டி, வால்யூமைத் திருப்பி, ஒரு கார்டு அடிச்சான். சுத்தமா, கண்ணாடி மாதிரி வந்துச்சு. மாமா தலையாட்டினார். இன்னும் திருப்பினான். சுத்தமாவே இருந்து, ஒரு இடத்துல திடீர்னு கரகரன்னு உடைஞ்சுது.

"அங்க நிறுத்து கண்ணு. அதுக்கு மேல கிழியுது."

"மாமா, அவனுக்குக் கிழியறதுதான் வேணும்."

மாமா டீ கிளாஸைக் கீழ வச்சார். "இருபது வருஷம் கிழியக் கூடாதுன்னு பாடுபட்டிருக்கேன். கூட்டத்துல கடைசி ஆளுக்கும் ஒவ்வொரு வார்த்தையும் விளங்கணும். விளங்கலைன்னா அடுத்த வருஷம் கூப்பிட மாட்டான். நீங்க கிழிக்கறதுக்கா இத்தனை செலவு பண்ணினீங்க?"

ரூம்மேட்டுக்கு இன்னொரு குறை. அவனுக்கு அந்தக் கிழிசலும் பிடிக்கல. மெதுவா அடிச்சா சுத்தமாவும், அழுத்தி அடிச்சா கொஞ்சம் கொஞ்சமா முரடாவும் வரணும், கை சொல்றதை ஆம்ப் கேட்கணும்னான். இங்க ஒண்ணு சுத்தம், இல்லைன்னா நாசம், நடுவுல எதுவுமே இல்லை. ஆக ரெண்டு பேருக்கும் பிடிக்காத ஒரே விஷயத்துக்குக் காரணம் ஒரே ஒரு ரெசிஸ்டர்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்க நிமிர்ந்து உட்காருங்க. 1927-ல் பெல் லேப்ஸ்ல வேலை பார்த்த ஹரால்ட் பிளாக், வேலைக்குப் படகுல போகும்போது கையில இருந்த நியூயார்க் டைம்ஸ் பேப்பர் மேலயே நெகட்டிவ் ஃபீட்பேக் ஐடியாவை எழுதினார். அவுட்புட்ல ஒரு துளியைத் திருப்பி எடுத்து இன்புட்டோட கழிச்சா, கெயின் குறையும். அதே விகிதத்துல டிஸ்டார்ஷனும் குறையும். ஒன்றுடன் ஏ பீட்டாவைக் கூட்டி அதால வகுக்கிறோமே, அதேதான். மாமா செட்ல ஸ்பீக்கர் பக்கத்துலேர்ந்து ஒரு 27 கே ரெசிஸ்டர் வழியா அது பின்னால வந்துட்டிருந்துச்சு. வால்வு லேசா வளைய ஆரம்பிச்சதும் ஃபீட்பேக் அதை நேராக்கும். இன்னும் வளைஞ்சா இன்னும் இழுத்து நேராக்கும். ஒரு கட்டத்துல வால்வால இதுக்கு மேல முடியாதுங்கும்போது இழுத்துப் பிடிக்க எதுவும் மிச்சம் இருக்காது. அலையோட தலை சட்டுன்னு தட்டையாகும். அந்த நிமிஷம் வரைக்கும் சுத்தம், அதுக்கப்புறம் ரம்பம். மைக்குக்கு இது பொருத்தமான குணம். கிட்டாருக்குப் பொருந்தாது. வாக்ஸ் ஏசி30-ல் இந்த ஃபீட்பேக்கே கிடையாது. மார்ஷல்ல ஒவ்வொரு மாடலுக்கும் அந்த ரெசிஸ்டர் மதிப்பு மாறிட்டே வந்திருக்கு.

ரெசிஸ்டரை ஒரு முனையில கழட்டி விட்டோம். அறை மாறிடுச்சு. சத்தம் கூடுச்சு, அடிக் குரல் கொஞ்சம் தளர்ந்துச்சு, மேல பளிச்சுன்னு ஆச்சு. ஃபீட்பேக் இல்லாததால ஸ்பீக்கர் தன் இஷ்டத்துக்கு ஆடுது, அதான் காரணம். முக்கியமா, அவன் விரலை அழுத்தினா குரல் பழுத்துச்சு, தளர்த்தினா தெளிஞ்சுது. அவன் கண்ணை மூடிட்டு வாசிச்சுட்டே இருந்தான். மாமா எழுந்து வெளிய போயிட்டார்.

அவர் கோபப்பட்டுப் போனாரா, பீடி பிடிக்கப் போனாரான்னு அன்னைக்குக் கேட்கல. திரும்பி வந்து அவர் சொன்னது: "அந்த ரெசிஸ்டரைத் தூக்கிப் போடாதே. ஸ்விட்ச் போடு." நடுவுல நிக்கிற மாதிரி மூணு நிலை ஸ்விட்ச் ஒண்ணு அவரே டூல் பாக்ஸ்லேர்ந்து எடுத்துக் குடுத்தார். மேல தள்ளினா பழைய 27 கே, கீழ தள்ளினா 100 கே, நடுவுல ஓப்பன். இன்னைக்கும் அந்த ஆம்ப்ல அதிகமாக் கை படற ஸ்விட்ச் அதுதான். பெரும்பாலும் 100 கே-யில நிக்குது.

அதுக்கப்புறம் குரலை அட்ஜஸ்ட் பண்றது எங்களுக்கு விளையாட்டாச்சு. உங்களுக்கு உபயோகப்படும்னு நாலஞ்சு சொல்றேன். கிட்டார் பிக்கப்ங்கிறது ஆயிரக்கணக்கான சுத்து மெல்லிசுக் கம்பி. குறைஞ்ச ஓம் இன்புட்ல மாட்டினா மேல் சுரம் செத்துடும். அதனால இன்புட்டை 1 மெகாஓம் ஆக்கினோம். முதல் வால்வோட கேத்தோடுல இருந்த 25 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் எல்லா பேஸையும் தூக்கி விடும்; சுத்தமா வாசிக்க அது நல்லது, டிஸ்டார்ஷன்ல சேறு மாதிரிக் குழையும். அதை 0.68 ஆக்கினதும் சேறு போய் எலும்பு தெரிஞ்சுது. இருபது ரூபாய் கூட ஆகாத மாற்றம். எந்த தேசத்து இசிசி83 நல்லதுன்னு இன்டர்நெட்ல பக்கம் பக்கமாச் சண்டை போடறாங்களே, நாங்க மூணு வால்வை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்ததுல வந்த வித்தியாசத்தைவிட இந்த ஒரு கெப்பாசிட்டர் செஞ்சது பல மடங்கு. வால்வு மகிமைங்கிறதுல பாதி வியாபாரம்ங்கிறது என் கட்சி. ரூம்மேட் ஒத்துக்க மாட்டான்.

பழைய வால்வு ரெக்டிஃபயர் ஆம்ப்ல ஒரு குணம் உண்டு. ஓங்கி அடிச்சா சப்ளை வோல்டேஜ் ஒரு கணம் இறங்கி, மெதுவா ஏறும். சுரம் அமுங்கி அப்புறம் மலரும். பக்கத்து கம்பெனியில பெரிய மோட்டார் போடும்போது நம்ம வீட்டு லைட் மங்கித் தெளியுமே, அதே மாதிரி. மாமா செட்ல ரெக்டிஃபயர் பிஒய்127 டயோடு, அது அசையாது. 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு சீரிஸ்ல போட்டோம். சும்மா இருக்கும்போது 80 மில்லிஆம்பியருக்கு 8 வோல்ட் விழும், முழுசா அடிச்சா 20 வோல்ட் வரைக்கும். காதுக்குத் தெரியுது, ஆனா லேசாத்தான்.

பயஸ் விஷயத்துலதான் நம்ம ஊர் கரண்டு பாடம் நடத்துச்சு. இஎல்34-ஓட பிளேட் 25 வாட் தாங்கும். 70 சதவீதத்துல நிறுத்தலாம்னு கணக்குப் போட்டா 17.5 வாட், 430 வோல்ட்டுக்கு ஒரு வால்வுக்கு 40 மில்லிஆம்பியர். கேத்தோடுக்குக் கீழ 1 ஓம் ரெசிஸ்டர் வச்சா மீட்டர்ல 1 மில்லிவோல்ட்னா 1 மில்லிஆம்பியர், சுலபம். ஆனா எங்க ஏரியாவுல மெஷின் எல்லாம் ஓடற மத்தியானத்துல மெயின்ஸ் 220-க்குக் கீழ. ஞாயித்துக்கிழமை கம்பெனி லீவு, 245. மெயின்ஸ் 230-லேர்ந்து 245 ஆனா உள்ள 430 வோல்ட் 458 ஆயிடும். அதனால ஞாயித்துக்கிழமைதான் பயஸ் வைக்கணும்னு மாமா சொன்னார், 36 மில்லிஆம்பியர்ல நிறுத்தினோம். வார நாள்ல குரல் ஒரு பொட்டு மெலிஞ்சிருக்கும், ஞாயித்துக்கிழமை திமிரா இருக்கும். ரொம்பக் குறைச்சு வச்சா, ரெண்டு வால்வும் கை மாத்திக்கிற இடத்துல அலை நொண்டும், மெதுவா வாசிக்கும்போது கேட்கும். ரொம்ப ஏத்தினா பிளேட் இருட்டுல செக்கச்செவேல்னு தெரியும்; அப்ப போட்டோ எடுத்துட்டு நிக்காதீங்க, ஆஃப் பண்ணுங்க.

இதுல ஒரு நாள் மாமா தூரத்துலேர்ந்தே, "இடது வால்வு சோர்ந்துட்டான், மாத்து"ன்னார். மீட்டர் வச்சோம். ஒண்ணு 41, இன்னொண்ணு 28. எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டா, "உறுமல் கேட்கலையா உனக்கு?"ன்னு திருப்பிக் கேட்கிறார். புஷ்புல்ல ரெண்டும் சமமா இழுத்தாத்தான் சப்ளை உறுமல் ஒண்ணையொண்ணு தின்னும். ஒண்ணு சோர்ந்தா 100 ஹெர்ட்ஸ் வெளிய வரும். 50 ஹெர்ட்ஸா இருந்தா ஹீட்டர் ஒயர் அல்லது கிரவுண்ட் பக்கம் தேடணும். எனக்கு இப்பதான் இந்த ரெண்டு உறுமலும் வேற வேறன்னு பிடிபட ஆரம்பிச்சிருக்கு. ஆசிலோஸ்கோப் நமக்கு லேப் டைம்ல மட்டும்தான். அவருக்குக் காது எப்பவும் கூட.

ஸ்பீக்கர் 12 இஞ்ச், பேப்பர் கோன், பின்னால திறந்த பெட்டி. கூம்பு ஸ்பீக்கரையும் ஒரு தடவை மாட்டிப் பார்த்தோம். அடிக் குரலே இல்லாம, மூக்கால பேசற மாதிரி, ஆனா தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. பக்கத்து வீட்டு ஆயா, "யார் வீட்டுல விசேஷம்?"னு கேட்டுட்டு வந்துட்டாங்க. கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல தானா இறங்கிடும், அதனாலதான் டிஸ்டார்ஷனோட ரம்பச் சத்தம் நம்மகிட்ட வராது. முன்பக்கத் துணிக்குக் கிட்டார் கடை எல்லாம் தேடல. ஜெர்சிக்குப் போற பாலியஸ்டர் மெஷ், கட்டிங் வேஸ்ட்ல கிடைச்சது. காத்தும் போகும், சத்தமும் போகும். கருப்புக் கிடைக்கல, ஏதோ ஒரு ஃபுட்பால் டீமோட பச்சை.

கல்ச்சுரல்ஸ்ல அதைப் பார்த்தவங்களுக்கு அந்தப் பச்சை ஞாபகம் இருக்கும். அன்னைக்கு மேடைக்குப் பின்னால, ரெண்டு பாட்டுக்கு நடுவுல மைக் ஆம்ப் மக்கர் பண்ணினப்ப, மாமா யாரையும் கேட்காம ஸ்விட்சை 27 கே-க்குத் தள்ளி, மைக்கை நம்ம ஆம்ப்ல சொருகிட்டார். அந்தப் பொண்ணு பாடின ஒவ்வொரு வார்த்தையும் கடைசி வரிசை வரைக்கும் விளங்கிச்சு. ரூம்மேட் அடுத்த பாட்டுக்கு மறுபடி கீழ தள்ளிக்கிட்டான்.

சேசிஸ் மூடிக்கு உள்பக்கம் பென்சில்ல எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கோம்: பி பிளஸ் 430, பயஸ் 36, கேத்தோடு 0.68, ஃபீட்பேக் 27 / ஓப்பன் / 100. கீழ கையெழுத்துப் போடுங்க மாமான்னு இடம் விட்டோம். அவர் பென்சிலை வாங்கல. மார்க்கர் எடுத்து, பெருசா, 'லோடு மாட்டாம ஆன் பண்ணக் கூடாது'ன்னு எழுதிட்டு மூடியைத் திருகிட்டார்.